பதினாறு மவுஸ்களுக்கு ஆயுத பூஜை விடுமுறை

சோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, பேட்டரி ஆயுளைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எப்படி அளப்பது என்று எழுதப் போவதில்லை. அதை உங்கள் கணினி என்னைவிட ஒழுங்காகச் செய்யும். அளந்த எண் நமக்குப் பிடித்த மாதிரி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் எழுதுகிறேன். பிடிக்காத எண் வந்தால் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்போது எல்லோருக்கும் தானாகவே கவனம் வந்துவிடும்.

வேலை பார்த்த ஆண்டுகளின் டைரிகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. கிழமை, மணி, எண் எதையும் நான் நினைவிலிருந்து சொல்வதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அதில் காலியாக இருக்கிறது. அந்தக் காலிப் பக்கம்தான் என் பணிக்காலத்தில் நான் செய்த பெரிய தவறு. சிறிய தவறுகளின் பட்டியல் தனியாக இருக்கிறது. கேட்டாலும் தரமாட்டேன்.

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் எங்கள் தொழிற்சாலை அப்போது வயர் இல்லாத மவுஸ் செய்யப் புதிதாக ஒரு லைன் போட்டிருந்தது. அடியில் ரப்பர் உருண்டை உருளும் பழைய மாதிரி மவுஸ்தான். வயருக்குப் பதிலாக உள்ளே ஒரு சின்ன ரேடியோவும் இரண்டு பேட்டரிகளும் இருக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர் தன் பெயரைப் போட்டு விற்பார். பெட்டியின் மேல் ‘மூன்று மாதம் உழைக்கும்’ என்று முதலிலேயே அச்சடித்து விட்டார்கள். அது உண்மைதானா என்று பார்ப்பது என் வேலை.

மூன்று மாதம் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மவுசை நகர்த்துவார் என்று வாடிக்கையாளரின் தலைமையகம் ஒரு கணக்குப் போட்டிருந்தது. தொண்ணூறு நாளுக்கு நூற்றெண்பது மணி நேரம். அதனால் பதினாறு மவுஸ்களை ஒரு மேசையில் வைத்து, அடியில் ஒரு பெல்ட்டை ஓடவிட்டு, நூற்றெண்பது மணி நேரம் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். அதாவது ஏழரை நாள். அதற்குள் ஒன்றுகூடச் சாகக் கூடாது. பேட்டரியும் அவர்களே அனுப்பியது. பெட்டியோடு இலவசமாகத் தரும் மலிவுச் சரக்கு.

முதல் முறை நூற்று அறுபது மணிக்குள் எல்லாம் செத்தன. சர்க்கியூட்டில் ஏதோ மாற்றினார்கள். இரண்டாம் முறையும் நூற்றெண்பதை எதுவும் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் மாற்றினார்கள். மூன்றாம் முறை தொடங்குவதற்கு முன் எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த சீனர். ஆங்கிலமும் மலாயும் கலந்து, முடிவில் ஊர் வழக்கப்படி ஒரு ‘லா’ போட்டுப் பேசுவார். தமிழில் போட்டால் இப்படி வரும்:

“இதுவும் பெயில்னா லைன் வேற நாட்டுக்குப் போயிடும் லா. அடுத்த செவ்வாக்கிழமை அவங்க இஞ்சினியர் வர்றாங்க. பாஸ்னா அன்னைக்கே கையெழுத்து.”

லைனில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் டிசம்பர் வரைதான் ஒப்பந்தம். அவர்களின் தலைவி கமலா. செபராங் ஜெயாவிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டி வருவாள். வந்ததும் சோதனைக் கூடத்தின் கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்துப் பார்ப்பாள்.

“எலிங்க உயிரோட இருக்கா அக்கா?”

“இருக்கு. நீ கண்ணாடியத் தொடாத, கறை படியுது.”

“பதினாறும்?”

“பதினாறும்.”

அதற்கப்புறம்தான் பஞ்ச் கார்டு அடிக்கப் போவாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சோதனை தொடங்கியது. தினமும் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒவ்வொரு மவுசின் வோல்டேஜையும் அளந்து பதிவு நோட்டில் எழுதுவேன். மோட்டாரோடு சேர்த்து ஒரு மணிக்கணக்கு மீட்டரும் இருந்தது. மோட்டார் ஓடினால் அது ஓடும், நின்றால் நிற்கும். அந்த மேசையையும் பெல்ட்டையும் மோட்டாரையும் பழைய தையல் மெஷின் பாகங்களிலிருந்து செய்து தந்தவர் முனியாண்டி அண்ணன், எங்கள் பராமரிப்பு டெக்னீஷியன். பத்து காவான் என்ற ஊரின் எஸ்டேட்டில் வளர்ந்தவர். லேத்து, டிரில் எது கெட்டாலும் காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவார். நான் எதையும் எழுதி வைத்துக்கொண்டே இருப்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் கெராணி, மலாயில் குமாஸ்தா. என் அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர் என்பதால் அதை மறுக்கவும் முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. நான் நாலு மணிக்கே அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து முதல் மவுசை அளந்தேன். வெள்ளி காலையில் இருந்ததைவிட வோல்டேஜ் கூடியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. பதினாறும் அப்படியே.

ஓடிக்கொண்டிருக்கும் பேட்டரி இறங்கும். ஏறாது. ஏறுகிறது என்றால் பேட்டரியை யாரோ மாற்றியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மாற்றினால் யாருக்கு லாபம் என்று யோசித்தேன். அந்த நேரம் பார்த்துக் கமலா கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்தாள்.

“உயிரோட இருக்கா அக்கா?”

“பேட்டரிய மாத்தினது யாரு கமலா?”

அவளுக்குப் புரியவில்லை. நான் இன்னொரு முறை கேட்டேன். இந்த முறை புரிந்தது.

“அக்கா, நான் ஸ்க்ரூவ ஒழுங்காப் போடுறவ. ஸ்க்ரூவத் தொறந்து திருடுறவ இல்ல,” என்றாள். பஞ்ச் கார்டை என் எதிரிலேயே அடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அவள் போன பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஒவ்வொரு பேட்டரியிலும் மையால் எண்ணும் என் இனிஷியலும் போட்டிருந்தேன். பதினாறு மவுசையும் திறந்தேன். முப்பத்திரண்டும் என்னுடையவைதான். இதைக் கமலாவிடம் கேட்பதற்கு முன்னால் செய்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. நீங்கள் ஒரு ஆளைச் சந்தேகப்படும்போது அந்த ஐந்து நிமிடம் எங்கே போகிறது என்று கவனியுங்கள்.

பிறகு மீட்டரைப் பார்த்தேன். திங்கள் காலை எட்டிலிருந்து சனி காலை எட்டு வரை நூற்று இருபது மணி. மீட்டரில் நூற்று ஆறு. பதினாலு மணி நேரத்தைக் காணவில்லை. ஒன்பதாம் மவுசின் இடுக்கில் ஏதோ மஞ்சளாகக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

முனியாண்டி அண்ணன் பராமரிப்பு அறையில் பொரி தின்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, நேத்து சாயந்தரம் மிசின நிப்பாட்டினீங்களா?”

“நிப்பாட்டல தங்கச்சி. ரெஸ்ட் குடுத்தேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“எப்படி ஒண்ணாகும்? நிப்பாட்டுனா கோளாறு. ரெஸ்ட்னா மரியாத. ஆறு மணிக்கு சாமி கும்பிட்டேன், காலைல எட்டு மணிக்கு நல்லபடியாப் போட்டு விட்டுட்டேன்.”

“அது டெஸ்ட் மிசின் அண்ணே.”

“லேத்துக்குப் பொட்டு வச்சேன், டிரில்லுக்குப் பொட்டு வச்சேன். இது என் கையால செஞ்ச மிசின். அதுக்கு மட்டும் ஓவர்டைமா? அது என்னா நினைக்கும்?”

“மவுசுக்கும் பொட்டு வச்சீங்க.”

“பதினாறுக்கும். ஒண்ண விட்டா இன்னொண்ணு கோவிச்சுக்கும் லா.”

“நூத்தியெம்பது மணி நேரம் நிக்காம ஓடணும்னு செவத்துல இவ்ளோ பெரிசா எழுதி ஒட்டியிருக்கேனே.”

“சரஸ்வதி பூஜையும் அன்னைக்குத்தானே. அன்னைக்கு எதையும் படிக்கக் கூடாதே, தங்கச்சி.”

எனக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்ததால் கோபத்தைச் சரியாகப் பயன்படுத்த முடியவில்லை. அவர் பொரியை என் பக்கம் நகர்த்தினார்.

“சரி கெராணி, ஆறு மணிக்கு ரீடிங் எடுக்க நீங்கதானே வரணும். நீங்க வரலன்னாலும் நோட்டு இருந்தா நானே எழுதி வச்சிருப்பேன். ‘மிசின் ரெஸ்ட்’னு ஒரு வரி. தேடிப் பாத்தேன், நோட்டக் காணோம். நோட்டு எங்க இருந்துச்சு?”

பொரி எடுத்துக்கொண்டேன்.

நோட்டு எங்கள் வீட்டுப் பூஜை அறையில் இருந்தது. என் டைரி, பேனா, சோதனைப் பதிவு நோட்டு மூன்றையும் அடுக்கி, மேலே பூ வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன் வைத்திருந்தேன். கம்பெனிச் சொத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று நானே பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுப்பவள். அவர் மெஷினுக்கு ஓய்வு கொடுத்தார். நான் பதிவுக்கே ஓய்வு கொடுத்தேன். மாலை ஆறு மணிக் கட்டம் காலியாக இருந்தது. நோட்டின் அட்டையில் குங்குமம் இருந்தது.

நேராக மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“மீட்டர் பொய் சொல்லுதா?”

“இல்ல. ஓடின நேரம் சரியா இருக்கு. நடுவுல ஓய்வு கிடைச்சதால பேட்டரி கொஞ்சம் தேறியிருக்கு. மலிவு பேட்டரி அப்படித்தான், ஓய்வு குடுத்தா எழுந்து உக்காரும்.”

“அப்ப என்னா பிரச்சினை?”

“நிறுத்தாம ஓட்டணும்னு விதி இருக்கு.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “ஓட விடு. பொய் எழுதாத. அவங்க கேட்டா உண்மையச் சொல்லு. கேக்கலன்னா சாப்பிடப் போ.”

மோசமான மனிதர் இல்லை அவர். நாற்பது பேரின் வேலை அவர் மேசை மேல் இருந்தது. இதைச் சொல்லக் காரணம், உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு கட்டளை வரும்; சொல்பவர் வில்லனைப் போலவே இருக்க மாட்டார்.

பதினாலு மணி தள்ளிப் போனதால் நூற்றெண்பதாவது மணி இனி செவ்வாய் காலை பத்து மணிக்கு வரும். வாடிக்கையாளரின் பொறியாளர் வருவது ஒன்பதுக்கு.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். ஐம்பதை நெருங்கும் வெள்ளைக்காரப் பெண்மணி. கையில் சொந்தமாக ஒரு நோட்டு, அதில் தேதி வாரியாகக் கோடு. நோட்டு வைத்திருப்பவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மேசை பக்கத்தில் மேலாளர், நான், அவர் மூவரும் நின்றோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கமலா. சனிக்கிழமையே நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன். “சரிக்கா” என்று மட்டும் சொன்னாள். மூக்கைக் கண்ணாடியில் வைக்காமல் ஒரு அடி தள்ளி நின்றாள்.

மீட்டர் நூற்றெண்பதைத் தாண்டியது. பதினாறும் உயிரோடு இருந்தன. மேலாளர் என் தோளைத் தட்டினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் செய்ததில்லை.

அந்தப் பெண்மணி பதிவு நோட்டைக் கேட்டார். பக்கங்களை விரலால் தடவியபடி புரட்டினார். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் விரல் சற்று நின்றது என்று எனக்குத் தோன்றியது. எதுவும் கேட்கவில்லை. நோட்டை மூடிக் கையெழுத்துப் படிவத்தை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார். அப்போது அட்டை கண்ணில் பட்டது.

“இது என்ன சிவப்புக் கறை?”

வீட்டில் சாமி கும்பிட்டோம், பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். மேலாளர் அதைத்தான் எதிர்பார்த்தார், புருவத்தாலேயே சொன்னார். ஆனால் எனக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இந்த மவுஸ்களில் சிலவற்றை இவர் ஊருக்கு எடுத்துப் போவார். அங்கே நிறுத்தாமல் ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே முனியாண்டி அண்ணன் இருக்க மாட்டார். எல்லாம் சாகும். அப்போது எங்கள் நாற்பது பெண்களோடு சேர்த்து எங்கள் வார்த்தையும் போகும். லைன் எப்படியும் கைவிட்டுப் போகுமென்றால், மவுஸ் செத்ததால் போகட்டும். பொய் சொன்னோம் என்று போக வேண்டாம்.

கேட்டால் சொல்லு என்றுதானே மேலாளர் சொன்னார். இந்தப் பெண்மணி கேட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

“குங்குமம். வெள்ளிக்கிழமை இந்த நோட்டு விடுமுறையில் இருந்தது,” என்றேன். “மெஷினும்.”

“விடுமுறையா?”

“மத விடுமுறை. பதினாலு மணி நேரம். மவுஸ்களும் கலந்துகொண்டன.”

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மீட்டர் கணக்கு, வோல்டேஜ் ஏறியது, ஒன்பதாம் மவுசின் சந்தனம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் தன் நோட்டில் எழுதினார். கடைசியில் நான் இதையும் சேர்த்தேன்: “மவுஸ் வாங்குகிறவர் ஏழரை நாள் தூங்காமல் நகர்த்த மாட்டார். சாயந்தரம் எழுந்து வீட்டுக்குப் போவார். எங்கள் மெஷின் செய்தது தவறு. ஆனால் அந்தத் தவறுதான் வாங்குகிறவரைப் போல நடந்துகொண்டது.”

“உங்களுக்கு மிகவும் வசதியான வாதம்,” என்றார்.

“ஆமாம். அதனால்தான் எனக்கே அதன் மேல் சந்தேகம்.”

அவர் முதல் முறையாகச் சிரித்தார். பேனாவை மூடினார். மேலாளரின் முதுகு இன்னும் விறைத்தது.

அந்தப் பெண்மணி கேட்டது இது: இதே மாதிரி புதிய மவுஸ் பதினாறு எடுங்கள். எட்டை நிறுத்தாமல் ஓட்டுங்கள். எட்டுக்குத் தினமும் பத்து மணி நேரம் வேலை, பதினாலு மணி நேரம் ஓய்வு. முடிவை அனுப்புங்கள். அதுவரை கையெழுத்து இல்லை.

ஓய்வோடு ஓடினால் பதினெட்டு நாள். கமலா என்னைக் கேன்டீனில் பிடித்தாள்.

“அந்தம்மா பேனாவத் தொறந்ததப் பாத்தேன் அக்கா. நீங்க பேசினீங்க. அப்புறம் மூடிட்டாங்க.”

“ஆமா.”

“சும்மா இருந்திருக்கலாம்ல.”

“இருந்திருக்கலாம்.”

“என் மேலன்னா ஒரு நிமிசத்துல சந்தேகப்படுறீங்க. உங்க மேல நீங்களே சந்தேகப்படுறதுக்கு மூணு நாளாச்சு.” தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். அந்த வாக்கியத்தை அன்று டைரியில் அப்படியே எழுதியிருக்கிறேன். கீழே எதுவும் சேர்க்கவில்லை.

முனியாண்டி அண்ணன் பெல்ட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டைமர் போட்டார். புதன்கிழமை தொடங்கினோம். நிறுத்தாமல் ஓடிய எட்டும் ஏழாம் நாள் முடிவதற்குள் சாகத் தொடங்கி, ஒவ்வொன்றாகப் போயின. கடைசியானது நூற்று எழுபத்தாறில் போனது. ஜுருவில் இருக்கிற தன் மச்சானிடம் சொல்லிக் கார் தொழிற்சாலையில் எனக்கு வேலை பார்க்கட்டுமா என்று முனியாண்டி அண்ணன் கேட்டார். பாதி விளையாட்டு, பாதி அக்கறை.

மற்ற எட்டும் தினமும் காலையில் எழுந்து, மாலையில் படுத்தன. நடுவில் தீபாவளி வந்தது. டைமர் இருக்கிறதே என்று வீட்டில் உட்கார முடியவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு தொழிற்சாலைக்குப் போனேன். முனியாண்டி அண்ணன் புதுச் சட்டையில் மேசைக்கு முன் நின்றிருந்தார். பக்கத்தில் கமலா, கையில் முறுக்கு டப்பாவோடு.

“நீ எதுக்கு வந்த?”

“அண்ணன் தீபாவளிக்கும் லீவு குடுத்துட்டா?” என்றாள். “நீங்க எதுக்கு வந்தீங்க?”

“அதே சந்தேகம்தான்.”

“என்னா இது,” என்றார் அவர். “நானும் உங்க ரெண்டு பேர் மேல சந்தேகப்பட்டுத்தானே வந்தேன்.”

கமலா டப்பாவைத் திறந்து முதலில் என்னிடம் நீட்டினாள்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நூற்றெண்பது. எட்டும் உயிரோடு இருந்தன. அதற்கப்புறமும் விடாமல் ஓட்டினோம். கடைசியானது இருநூற்று மூன்று வரை தாங்கியது. எல்லாவற்றையும், செத்த எட்டையும் சேர்த்து, ஃபேக்சில் அனுப்பினேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. கையெழுத்து இருந்தது. கூடவே ஒரு படிவம்: இனி அவர்களுடைய எல்லாத் தொழிற்சாலைகளிலும் இந்தச் சோதனை பத்து மணி நேர ஓட்டம், பதினாலு மணி நேர ஓய்வு என்று மாறுகிறது. மாற்றத்தை முதலில் செய்தவர் பெயரும் கையெழுத்தும் வேண்டும்.

என் பெயரைப் போடு என்றார் மேலாளர். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு பராமரிப்பு அறைக்குப் போனேன். வழியில் லைன் பக்கம் நின்று கமலாவிடம் ஃபேக்சைக் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு பின்னால் இருந்த முப்பத்தொன்பது பேருக்கும் மலாயில் ஒரு வரி சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. லைன் ஓடிக்கொண்டிருந்தது; கையை எடுக்க முடியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் லைனின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது.

முனியாண்டி அண்ணன் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“இதுல கையெழுத்துப் போட்டா, நான் அன்னைக்கு நிப்பாட்டினது தப்புன்னு ஆகுமா, சரின்னு ஆகுமா?”

“தப்புதான் அண்ணே. ஆனா இப்ப அதுதான் ரூல்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தமிழில், மெதுவாக முழுப் பெயரையும் எழுதினார். பேனாவை என்னிடம் திருப்பித் தந்தார்.

“அப்ப வர்ற வருசம் மிசினுக்கு லீவு குடுக்க உங்ககிட்டக் கேக்க வேண்டியதில்ல.”

“இந்த வருசமும் நீங்க கேக்கலையே அண்ணே.”